யானைக்கு முன்னே வந்த மணியோசை: பிரிட்டிஷ் இசை வார இதழ்களும் அவை பெயரிட்ட இயக்கங்களும்

1994-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிரிட்டனில் 'நியூ வேவ் ஆஃப் நியூ வேவ்' என்றோர் இசை இயக்கம் இருந்தது. புதிய அலையின் புதிய அலை என்று பொருள்படும் இப்பெயரைப் பரப்பியது, என்.எம்.இ. என்று சுருக்கமாக அறியப்படும் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' வார இதழ். வெல்வின் கார்டன் சிட்டியின் ஸ்மாஷ், பிரைட்டனின் தீஸ் அனிமல் மென் ஆகிய இரு கிட்டார் குழுக்களே அதன் முகங்கள். 1970-களின் இறுதியில் எழுந்த பங்க் இசையின் வேகத்தையும் சீற்றத்தையும் அவை மீட்டெடுப்பதாகச் சொல்லப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அப்பெயரைச் சொல்வார் அருகிவிட்டனர்.

இத்தகைய குறுங்கால இயக்கங்களைப் பத்திரிகைக்காரர்களின் கற்பனை என்று சிரித்து ஒதுக்குவது பரவலான வழக்கம். ஆய்வாளருக்கு அந்தச் சிரிப்பு போதாது. கற்பனை என்று சொல்லப்படும் இவை ஒலிநாடாக்களை வெளியிட்டன, சுற்றுப்பயணம் சென்றன, பதிவு நிறுவனங்களின் பணத்தை இளைஞர் சிலரின் கைக்குக் கொண்டுவந்தன, பிறகு அதே இளைஞர்களை நடுத்தெருவில் விட்டன. இல்லாத ஒன்று இவ்வளவையும் செய்தது எப்படி என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விடையின் ஒரு பகுதி அச்சுத் தொழிலில் இருக்கிறது. 1926-இல் தொடங்கிய மெலடி மேக்கர், 1952-இல் வந்த என்.எம்.இ., 1970-இல் பிறந்த சவுண்ட்ஸ் என மூன்று வார இதழ்கள் ஏறத்தாழ ஒரே வாசகர் கூட்டத்துக்காகப் போட்டியிட்டன. சவுண்ட்ஸ் 1991-இல் நின்ற பிறகு எஞ்சிய இரண்டும் ஐ.பி.சி. என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. லண்டனில் ஒரே கட்டடத்திலிருந்து வெளிவந்தவை. ஆண்டுக்கு ஐம்பது சொச்சம் அட்டைப்படங்கள் தேவை. பெரிய நட்சத்திரங்கள் வாரந்தோறும் பேட்டி கொடுப்பதில்லை. பெயர் தெரியாத குழு ஒன்றை அட்டையில் போட்டால் இதழ் விற்காது. ஆனால் பெயர் தெரியாத ஐந்து குழுக்களை ஒரு பெயரின் கீழ் நிறுத்தினால் அது செய்தியாகிவிடும். வாசகருக்கோ, அதை அறியாதிருந்தால் பின்தங்கிவிடுவோம் என்ற அச்சம் பிறக்கும்.

இந்த வழிக்கு முன்மாதிரியாக அமைந்தது ஒரு வெற்றிதான். 1979 மே மாதத்தில் லண்டன் கேம்டனில் அயர்ன் மெய்டன், சாம்சன், ஏஞ்சல் விட்ச் ஆகிய குழுக்கள் ஒரே மேடையில் வாசித்தன. அதைப் பற்றி ஜெஃப் பார்ட்டன் சவுண்ட்ஸ் இதழில் எழுதிய கட்டுரையோடு 'நியூ வேவ் ஆஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல்' என்ற நீண்ட பெயர் புழக்கத்துக்கு வந்தது. அதை உருவாக்கிய பெருமை இதழின் ஆசிரியர் ஆலன் லூயிஸையே சாரும். அந்தப் பெயர் நிலைத்தது. அயர்ன் மெய்டன் உலகெங்கும் சென்றது. லூயிஸ் 1980-களின் பிற்பகுதியில் என்.எம்.இ.க்கே ஆசிரியரானார். பெயர் சூட்டும் கலை இதழ் விட்டு இதழ் தாவியது இப்படித்தான்.

1983 பிப்ரவரியில் என்.எம்.இ. அறிவித்த 'பாசிட்டிவ் பங்க்' அவ்வளவு அதிர்ஷ்டம் பெறவில்லை. அதில் சேர்க்கப்பட்ட குழுக்கள் விரைவிலேயே காத் என்ற வேறு பெயருக்குள் கரைந்தன. சி86 விரிவாகப் பார்க்க வேண்டியது.

சி86 என்பது 1986-இல் என்.எம்.இ. தன் வாசகர்களுக்காக வெளியிட்ட கேசட்டின் பெயர். இருபத்திரண்டு குழுக்களின் இருபத்திரண்டு பாடல்கள். இன்று சி86 என்றதும் நினைவுக்கு வருவது மென்மையான குரல், மணியோசை போன்ற கிட்டார், குழந்தைமை கலந்த காதல். அந்த ஒலிநாடாவை முழுதாகக் கேட்டவர் திகைப்பர். போக்‌ஷெட், ஸ்டம்ப், பிக் ஃபிளேம் போன்றவற்றின் கோணல்மாணலான, காதைக் குத்தும் இசைக்கு அதில் கணிசமான இடம் உண்டு. பிரைமல் ஸ்க்ரீமும் பேஸ்டல்ஸும் அவற்றோடு ஒரே பந்தியில் அமர்ந்தது தொகுத்தவர்களின் விருப்பத்தால்தான். தொகுப்பு பல திசைகளைக் காட்டியது. பெயரோ ஒரு திசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே சி86 என்பது வசைச்சொல்லாகி, அதில் இடம்பெற்ற குழுக்களே அதைத் தட்டிக்கழிக்கும் நிலை வந்தது. பிரைமல் ஸ்க்ரீம் 1991-இல் நடன இசையோடு கலந்த 'ஸ்க்ரீமடெலிகா'வை வெளியிட்டு வெகுதூரம் போய்விட்டது.

கதை அங்கே முடியவில்லை. 2014-இல் செர்ரி ரெட் நிறுவனம் சி86-ஐ விரிவாக்கி மறுபதிப்புச் செய்தது. அதைத் தொடர்ந்து சி87, சி88, சி89 என்ற தலைப்புகளிலும் தொகுப்புகள் வந்தன. 1980-களில் அப்பெயர்களில் எந்த இயக்கமும் இருந்ததில்லை. ஒரு கேசட்டின் வரிசை எண் காலத்தைப் பகுக்கும் அலகாகிவிட்டது. வருங்கால மாணவர் ஒருவர் இவற்றை மூல ஆவணமென்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்வது கடினம்.

1990-ஐ ஒட்டி இரு பெயர்கள் ஏறத்தாழ ஒரே கூட்டத்தின் மேல் விழுந்தன. ரைட், ஸ்லோடைவ், லஷ், சாப்டர்ஹவுஸ், மூஸ் முதலிய குழுக்களின் உறுப்பினர்கள் ஒருவர் மற்றவரின் நிகழ்ச்சிக்குச் சென்று கூடிக் குடித்ததைக் கண்ட மெலடி மேக்கரின் ஸ்டீவ் சதர்லாண்ட், 'தன்னைத் தானே கொண்டாடும் கூட்டம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 'ஷூகேஸ்' என்பது மற்றொன்று: மேடையில் நின்று தன் காலணியையே வெறித்துப் பார்ப்பவர் என்ற ஏளனம். கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்கள் காலடியில் இருப்பதால் வாசிப்பவர் குனிந்துதான் ஆக வேண்டும். தொழில்நுட்பத்தின் தேவை கூச்சமாகவும், அந்தக் கூச்சம் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளின் அசட்டையாகவும் வாசிக்கப்பட்டது. பிரிட்டனின் வர்க்க உணர்வு இசை விமர்சனத்துக்குள் எவ்வளவு எளிதாக நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. புகழ்ந்த இதழ்களே ஓரிரு ஆண்டுகளில் இகழ்ந்தன. 1995-இல் மூன்றாவது ஆல்பம் வெளியான கையோடு ஸ்லோடைவைக் கிரியேஷன் நிறுவனம் கைவிட்டது.

இடையில் அமெரிக்காவின் கிரன்ஜ் இசை பிரிட்டிஷ் இதழ்களை ஆட்கொண்டிருந்தது. இதிலும் ஒரு முரண் உண்டு: 1989-இல் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் மெலடி மேக்கரின் எவரெட் ட்ரூவைத் தன் செலவில் வரவழைத்து, அந்நகரத்து இசையைப் பற்றி எழுதச் செய்தது. அந்தக் கட்டுரை சியாட்டிலின் புகழுக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. அமெரிக்க அலையைத் தாமே ஊதிப் பெரிதாக்கிய இதழ்கள், பிறகு அதற்கு உள்நாட்டு மறுமொழி தேடி அலைந்தன. 'நியூ வேவ் ஆஃப் நியூ வேவ்' அந்தத் தேடலில் பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, எழுதியவர்களே விற்பவர்களாகவும் இருந்ததுதான். 1994-இல் ஜான் ஹாரிஸ், சைமன் வில்லியம்ஸ், பால் மூடி ஆகிய மூன்று பத்திரிகையாளர்கள் ஃபியர்ஸ் பாண்டா என்ற சிறு பதிவு நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முதல் வெளியீடே இந்த இயக்கத்தின் ஆறு குழுக்களைத் தாங்கிய இசைத்தட்டு. உள்நோக்கம் தேடுவதைவிட, லண்டனின் சில மதுக்கடைகளும் சில அரங்கங்களும் எவ்வளவு சிறிய உலகமாக இருந்தன என்பதை இதிலிருந்து அறிவது பயனுள்ளது. நிருபர், நிகழ்ச்சி அமைப்பாளர், பதிவு நிறுவன அலுவலர், பாடகர் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுபவர்கள். ஏப்ரல் 1994-இல் ஒயாசிஸின் முதல் தனிப்பாடலும் பிளரின் 'பார்க்லைஃப்' ஆல்பமும் வந்தன. பிரிட்பாப் என்ற பெரிய பெயர் சிறிய பெயரை விழுங்கியது. எலாஸ்டிகா பழைய பட்டியலிலிருந்து புதிய பட்டியலுக்கு மாறி, 1995-இல் முதல் ஆல்பத்தையே பிரிட்டனின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றது. ஸ்மாஷுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

பெயரின் ஆற்றலுக்கு எல்லை உண்டென்று காட்டியது ரோமோ. 1995 நவம்பரில் மெலடி மேக்கர் அறிவித்த இவ்வியக்கம் கிட்டார் இசைக்கு எதிரானது. ஒப்பனையும் மின்னணு இசையும் கொண்டு பிரிட்பாப்பின் சாதாரணத்தன்மையைச் சாட முனைந்தது. சைமன் பிரைஸும் டெய்லர் பார்க்ஸும் அதற்காக எழுதியவற்றில் உண்மையான ஆவேசம் இருந்தது. கேசட், சுற்றுப்பயணம் என அனைத்தும் 1996-இல் நடந்தும் மக்கள் வரவில்லை. மணியோசை கேட்டது, யானை வரவில்லை.

டிக் ஹெப்டிஜ் 1979-இல் எழுதிய நூலில், இளைஞர் உட்பண்பாடு முதலில் தானாக எழுகிறது, ஊடகமும் சந்தையும் பின்னர் வந்து அதைத் தம்வயப்படுத்துகின்றன. சாரா தார்ன்டன் 1995-இல் இதை மறுத்தார்: ஊடகம் தொடக்கத்திலேயே உள்ளே இருக்கிறது என்றார். அவர் ஆய்ந்தது நடனக் கூடங்களை. கிட்டார் குழுக்களுக்கோ அவர் வாதம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். மனிதரை வகைப்படுத்தும் பெயர், வகைப்படுத்தப்பட்டவரையே மாற்றுகிறது என்று இயன் ஹேக்கிங் எழுதியதும் இங்கே உதவும். பெயரை ஏற்றவரைப் போலவே, மறுத்து ஓடியவரும் அப்பெயரால் மாறினார். பிரைமல் ஸ்க்ரீம் அதற்குச் சான்று.

ஆவணம் தேடுவோருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. இயக்கம் இருந்ததற்குச் சான்று இதழ். இதழ் எழுதியதற்குக் காரணம் இயக்கம். இந்தச் சுழலிலிருந்து வெளியேற வழியும் அதே இதழ்களில்தான் கிடக்கிறது. முன்பக்கக் கட்டுரைகளை விட்டுப் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சான நிகழ்ச்சிப் பட்டியல்களைப் பார்த்தால், எந்தக் குழு எந்த ஊரில் யாரோடு சேர்ந்து வாசித்தது என்பது தெரியும். ரசிகர்கள் நகலெடுத்து விற்ற சிற்றிதழ்கள் வேறொரு வரைபடத்தைத் தரும்.

மெலடி மேக்கர் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் என்.எம்.இ.யோடு இணைக்கப்பட்டு மறைந்தது. 2006-இல் கிளாக்சன்ஸ் குழுவினர் விளையாட்டாகச் சொன்ன 'நியூ ரேவ்' என்ற சொல்லை என்.எம்.இ. பெரிதாக்கியது, குழு 2007-இல் மெர்க்குரி பரிசு பெற்றது, சொல் வாடிப்போனது. ஷூகேஸ் மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. ஏளனம் செய்த இதழ் மறைந்த பின், பல நாடுகளின் இளைஞர்கள் அச்சொல்லைத் தம் இசைக்குப் பெருமையோடு வைத்துக்கொண்டனர். ஸ்லோடைவ் 2014-இல் மீண்டும் மேடையேறி, 2017-இல் புதிய ஆல்பம் தந்தது. 2018 மார்ச்சில் என்.எம்.இ.யின் வாராந்தர அச்சுப் பதிப்பு நின்றது. 2023-இல் ஸ்லோடைவின் அடுத்த ஆல்பம் வந்தது.