ஒளிக்கும் வழிப்பயணம் உண்டு

விளக்கை ஏற்றினோம், அறையெங்கும் வெளிச்சம். இடையில் நேரம் கழிந்ததை யார் கண்டார்? ஒளிக்கு வேகமில்லை, நொடிப்பொழுதும் வேண்டாது அது பரவும் என்றார் பிரெஞ்சுப் பேரறிஞர் டெகார்ட். அது பொய்யென மெய்ப்பிக்கப்பட்டால் தம் தத்துவமே தகரும் என்றும் 1634-இல் எழுதினார்.

கலிலியோ சோதித்துப் பார்க்க விழைந்தார். மூடிய விளக்குகளோடு இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் திறந்ததும் மற்றவர் திறக்கவேண்டும். ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவு. பாவம், அதில் என்ன தெரியும்!

விடை விண்ணிலிருந்து வந்தது. வியாழனை ஏறத்தாழ 42½ மணிக்கு ஒருமுறை சுற்றும் அயோ என்னும் நிலவு, அக்கோளின் நிழலில் மறைந்து மறைந்து வெளிவரும். பாரிஸ் வானாய்வகத்தில் அதைக் கணக்கிட்டுவந்த டென்மார்க்கு இளைஞர் ரோமர் ஒரு புதுமை கண்டார். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் நிலவு தாமதிக்கிறது. நெருங்கும் மாதங்களில் முந்துகிறது. நிலவா சோம்பிற்று? இல்லை, ஒளி கடக்கவேண்டிய வழியன்றோ நீண்டது! 1676 நவம்பர் 9 அன்று அந்நிலவு வெளிப்படுவது 10 நிமிடம் தாமதமாகும் என்று அறிஞர் மன்றத்தில் முன்கூட்டியே அறிவித்தார். அவ்வாறே ஆயிற்று.

ஆயினும் ஆய்வகத்தின் மூத்தவர் காசினி ஏற்கவில்லை. அவர் மூடர் அல்லர். வியாழனின் மற்ற நிலவுகள் இக்கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பது அவர் வாதம். ரோமர் 1710-இல் மறைந்தார். பூமி ஓடுவதால் விண்மீன்கள் சற்றே இடம் விலகித் தோன்றுவதைக் காட்டி, இங்கிலாந்தின் பிராட்லி ஒளியின் வேகத்தை உறுதிசெய்து வெளியிட்டது 1729-இல்தான்.

நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் என்று வகுப்பில் சொன்னேன். "கதிரவன் அணைந்துவிட்டால், ஐயா?" என்றான் ஒரு சிறுவன். எட்டு நிமிடம் வரை நமக்குத் தெரியாது, தம்பி, என்றேன்.