காருக்கென்று ஓர் அறை

1987ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் தன் மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கார் நிறுத்தும் கராஜ்களில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது கேள்வி. கிடைத்த மதிப்பீடு: சுமார் 42,000 கராஜ்கள், சுமார் 2,00,000 மனிதர்கள். இரண்டு கார் நிற்கும் கராஜ் என்றால் 400 சதுர அடி இருக்கும். ஒற்றைக் கார் கராஜ் அதில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் சராசரியாக ஐந்து பேர்.

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். அமெரிக்காவைப் பற்றி நான் பாடம் எடுத்ததெல்லாம் போர்களும் ஜனாதிபதிகளும்தான். இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ஐந்து பேர் என்றால் அதில் குழந்தைகள் உண்டு என்பது. குழந்தைகள் உண்டென்றால் அங்கே ஒருத்தி சமைக்கிறாள், துவைக்கிறாள், இரவில் எழுந்து பால் காய்ச்சுகிறாள். எதில் காய்ச்சுகிறாள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த இரவில் அவள் கழிப்பறைக்கு எங்கே போகிறாள்?

வீட்டைவிட்டுத் தள்ளிப் பின்பக்கம் நிற்கும் கராஜ், குதிரை லாயத்தின் வாரிசு. முதல் கார்கள் வந்தபோது பெட்ரோல் தீப்பற்றும் என்ற பயமும் இருந்ததால் லாயம் இருந்த இடத்திலேயே காரும் நின்றது. நம் ஊர்ப் பழைய பங்களாக்களின் 'கார் ஷெட்' மாதிரி. அதில் மனிதர்கள் குடியிருப்பதும் 1980களில் புதிதாகத் தொடங்கிய காரியம் இல்லை. 1920களில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே சவுத் கேட் என்ற தொழிலாளர் ஊரில் குடும்பங்கள் மனை வாங்கி, முதலில் பின்பக்கம் கராஜைக் கட்டி அதிலேயே குடியிருந்துகொண்டு, கையில் காசு சேரச்சேர முன்பக்கம் வீட்டைக் கட்டின. வரலாற்றாசிரியர் பெக்கி நிக்கொலைடெஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கொல்லையில் கோழி, காய்கறி. கூலி குறைந்த மாதங்களைக் கடக்க வைத்தது அந்தத் தோட்டமும் பெண்களின் உழைப்பும். அப்போது அதற்குப் பெயர் சிக்கனம், முன்னேற்றம். அந்த ஊரில் மனை வாங்க வெள்ளையராக இருக்க வேண்டும். அறுபது வருடம் கழித்து மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அதே பகுதிகளின் கராஜ்களில் குடியேறியபோது அது சட்டமீறல் ஆகிவிட்டிருந்தது.

இந்த மாற்றத்துக்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. 1916இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 'ஒரு குடும்பம், ஒரு வீடு' மட்டுமே அனுமதிக்கப்படும் பகுதிகளை வரையறுத்தது. ஊரை இப்படிப் பிரிக்கும் அதிகாரத்தை 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூக்லிட் வழக்கில் உறுதிசெய்தது. தனிவீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடியைத் தீர்ப்பு 'ஒட்டுண்ணி' என்றது. வாடகைக்கு இருப்பவர்கள், விதவைகள், தனியாகச் சம்பாதிக்கும் பெண்கள் எல்லாரும் அந்த ஒட்டுண்ணிக்குள்தானே குடியிருந்தார்கள்!

யூக்லிட், கிளீவ்லாந்தின் புறநகர். அதே கிளீவ்லாந்தின் இன்னொரு புறநகரான கிழக்கு கிளீவ்லாந்தில் ஐனெஸ் மூர் என்ற கறுப்பினப் பாட்டி ஒரு மகனோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் வாழ்ந்தார். பேரன்கள் இருவரும் வெவ்வேறு மகன்களின் பிள்ளைகள். ஒருவன் தாயை இழந்து பாட்டியிடம் வந்தவன். நகரின் விதிப்படி இந்த நால்வரும் 'குடும்பம்' ஆகமாட்டார்கள். தாயில்லாப் பேரனை வீட்டில் வைத்திருந்ததற்காக அந்தப் பாட்டிக்கு ஐந்து நாள் சிறை, 25 டாலர் அபராதம். 1977இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவரைக் காப்பாற்றியது. இன்னும் ஒரு நீதிபதி மாறியிருந்தால் போதும், பாட்டி சிறைக்குப் போயிருப்பார். ஒரு வீட்டில் யார் யார் இருக்கலாம் என்று அரசு எண்ணத் தொடங்கும்போது, அதிகப்படியாகத் தெரிவது பெரும்பாலும் பெண்ணும் அவள் கைப்பிடித்து வரும் குழந்தையும்தான்.

மனிதர்களை எண்ணுவது கடினம். அடுப்பை எண்ணுவது சுலபம். பின்கட்டு அறையில் படுக்கை இருக்கலாம், மேசை இருக்கலாம், தொட்டிகூட இருக்கலாம். அடுப்பு வந்துவிட்டால் அது இன்னொரு குடியிருப்பு, அனுமதியில்லாத குடியிருப்பு. நமக்கு இது புரியாத கணக்கு இல்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே சமையலில் உண்பவர்களைத்தான் ஒரு குடும்பமாகக் கணக்கிடுகிறது. தனிக்குடித்தனம் போவதை 'அடுப்பைப் பிரிப்பது' என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். பிரிக்கலாமா கூடாதா என்று பேசுபவர்கள் ஆண்கள், பிரிந்த அடுப்பின்முன் நிற்பவள் பெண். கராஜ்களில் குடியிருந்தவர்கள் மின்சாரத் தட்டில் சமைத்தார்கள், ஆய்வாளர் வந்தால் எடுத்து மறைத்துவிடலாம். மின்சாரம் முன்வீட்டிலிருந்து நீட்டிய கம்பியில் வந்தது. பலவற்றில் கழிப்பறை கிடையாது. முன்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். நள்ளிரவில் வீட்டுக்காரரின் கதவைத் தட்டுவது என்றால் என்ன என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் இல்லாத அறை, ஒரே கதவு, சுமை தாங்காத கம்பி. தீப்பற்றியபோது குழந்தைகள் செத்தார்கள். புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? அதிகாரி வருவார், குடியிருப்பு சட்டவிரோதம் என்பார், குடும்பம் தெருவுக்கு வரும். அதனால் புகார் கொடுப்பதில்லை.

கலிபோர்னியாவில் அரசு மரியாதை செய்த கராஜும் ஒன்று உண்டு. பாலோ ஆல்டோ, அடிசன் அவென்யூ, எண் 367. 1938இல் ஹியூலட்டும் பேக்கர்டும் தொழிலைத் தொடங்கிய இடம். 'சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். டேவிட் பேக்கர்டின் மனைவி லூசில் அப்போது ஸ்டான்ஃபோர்டில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளம் வீட்டை ஓட்டியது. மாலையில் கம்பெனியின் கடிதங்களும் கணக்கும் அவர் வேலை. கருவிகளின் முகப்புத் தகட்டுக்கு அடித்த வண்ணம் இறுகியது அவருடைய சமையலறை அவனில். பலகைக் கதையில் கராஜ் இருக்கிறது, அவன் இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 1982இல் கலிபோர்னியா 'இரண்டாம் குடியிருப்பு'க்கு ஒரு வழி திறந்தது. நகரங்கள் அந்த வழியில் முள் போட்டன: மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், உரிமையாளர் அங்கேயே இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கராஜை எடுத்தால் அந்தக் காருக்கு வேறு இடம் காட்ட வேண்டும். பாட்டிக்கு இடம் இல்லாமல் போகலாம், காருக்கு இடம் இல்லாமல் போகக்கூடாது. 2016இல் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் இதை உடைத்தன. 2020 முதல், கராஜைக் குடியிருப்பாக்கினால் மாற்றுக் கார் நிறுத்தம் கேட்கவே கூடாது. விண்ணப்பத்தை 60 நாளில் முடிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் ஆண்டுக்குச் சில நூறுகூடத் தாண்டாத அனுமதிகள் ஆயிரக்கணக்கில் ஏறின.

என் அக்காவின் வீடு அந்த ஆயிரங்களில் ஒன்று. வீடு அவளுடையது என்று சொல்வது சரியில்லை. சான் ஹோசேயில் இருக்கும் மகள் வீட்டுக் கொல்லையில் பழைய கராஜ் இருந்தது. மகளின் முதல் பேறுகாலத்துக்குப் போனவள், இரண்டாவதற்கும் போனாள், பிறகு நிரந்தரமாகவே தங்கிவிட்டாள். கராஜை மாற்றும் வேலை ஏழு மாதம் நடந்தது. நான் போயிருந்தபோது எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். கராஜின் தரை கதவை நோக்கிச் சரிந்திருக்கும், காரிலிருந்து சொட்டும் தண்ணீர் ஓடுவதற்காக, அதைச் சமன்படுத்தினார்கள். கீழே ஈரம் ஏறாமல் தாள் விரித்தார்கள். ஒற்றைப் பலகைச் சுவருக்கு உள்ளே பஞ்சு அடைத்தார்கள். அகலக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி ஒரு சின்ன வாசல் வைத்தார்கள். அதிகச் செலவு எதில் என்று நினைக்கிறீர்கள்? முன்வீட்டுக் கழிவுநீர்க் குழாய்வரை கொல்லையைத் தோண்டிய பள்ளத்தில். படுக்கையறை ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஆள் ஏறி வெளியே குதிக்க முடிய வேண்டும். அந்த விதியைக் கேட்டதும் எனக்கு 1987இன் ஜன்னலில்லாத கராஜ்கள்தான் நினைவுக்கு வந்தன.

"எனக்குன்னு ஒரு வாசல் இருக்குடி. என் அடுப்புல எனக்குப் புடிச்ச நேரத்துல காப்பி போட்டுக்கறேன். நம்ம அம்மாவுக்கு இது கிடைச்சுதா?" என்றாள். உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் அடுப்பு, பிறகு மகன் வீட்டு அடுப்பு என்று இருந்தவள் எங்கள் அம்மா. ஆனால் அக்காவின் கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னக் கருவி இருந்தது. முன்வீட்டில் குழந்தை அழுதால் அதில் கேட்கும். காலை ஏழு மணிக்குக் கொல்லையைக் கடந்து போனால், மாலை ஆறு மணிக்குத் திரும்புவாள். இரண்டு குழந்தைகளுக்குக் காப்பகத்தில் கட்டும் பணம் அந்த வீட்டுக்கு மிச்சம்.

இந்த வகைக் குடியிருப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் செல்லப் பெயரே பாட்டி வீடு என்பதுதான். பெயரில் பாட்டி இருக்கிறாள், பத்திரத்தில் இல்லை. அக்கா ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அந்தக் கழிவுநீர்ப் பள்ளத்தில் போயிருக்கிறது. வீட்டின் மதிப்பு ஏறியது மகள், மருமகன் பெயரில்.

டோலரஸ் ஹேடன் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், பாலினப் பாகுபாடற்ற நகரம் எப்படி இருக்கும் என்று கேட்டார். புறநகர்த் தெருவின் வேலிகளை எடுத்துக் கொல்லைகளை இணைத்து, பெரிய வீடுகளைச் சிறியவையாகப் பிரித்து, சமையலையும் குழந்தை வளர்ப்பையும் கூலியுள்ள பொதுவேலை ஆக்குவது அவர் யோசனை. கலிபோர்னியா அதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டது என்பது என் எண்ணம். வீடுகளைப் பிரிக்க வழி செய்தது. வேலிகள் அப்படியே நிற்கின்றன. கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

2023இல் இன்னொரு சட்டம் வந்தது. நகரம் விரும்பினால், பின்கட்டுக் குடியிருப்பைத் தனிப் பத்திரத்தில் விற்க அனுமதிக்கலாம். அடுத்த ஆண்டே சான் ஹோசே அதை ஏற்றது. நான் அக்காவுக்கு ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப என் பேர்ல எழுத முடியுமா?" என்று கேட்டாள். முடியும், ஆனால் வீட்டுக்கடன் கொடுத்த வங்கி சம்மதிக்க வேண்டும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சங்கம் ஒன்றைப் பதிய வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் மகளிடமும் மருமகனிடமும் கேட்க வேண்டும் என்றேன். மற்றதைக் குறித்துக்கொண்டாள். கடைசியைக் குறித்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. குழந்தை எழுந்துவிட்டது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.