ஆறு மணி நேரமும் எட்டு வாரமும்

2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்பு எதனோடும் இணைக்கப்படாதவை. அவற்றின்மீது இணையத் தாக்குதல் நிகழ இயலாது என்றது அது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் வேறொன்றை ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது உண்மை. அதைச் செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் கண்டு தெரிவித்துவிட்டது. இடையில் கழிந்தவை எட்டு வாரங்கள். ட்விட்டரில் செய்தி பரவியிராவிட்டால் அந்த ஒப்புதலும் வந்திருக்குமா என்பது ஐயமே.

செர்ட் என்ற பெயரின் பிறப்பிடம் அமெரிக்கா. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிய புழு நிரல், அன்றைய இணையத்தின் ஏறத்தாழ 60,000 கணினிகளில் 6,000 வரை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. பாதிக்கப்பட்டோர் யாரிடம் சொல்வதென்று அறியாது திகைத்தனர். அம்மாதமே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் அமைந்தது. எவரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. கேட்டதைத் தொகுத்து, மற்றவரை எச்சரிப்பதே அதன் பணி.

2004 சனவரியில் இந்தியாவில் செயல்படத் தொடங்கிய செர்ட்-இன் அமைப்பும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த மாதம், 2008 டிசம்பரில், நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நிலையை மாற்றியது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த 70ஆ பிரிவு அதைத் தேசிய முகமையாக்கியது. கேட்ட தகவலைத் தர மறுப்போருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. அறிவுரை கூறும் குழு ஆணையிடும் குழுவானது இங்கேதான். பின்னர் வந்தவை யாவும் இதன் நீட்சியே.

2022 ஏப்ரல் 28 ஆணை அந்த அதிகாரத்தை முழு வீச்சில் பயன்படுத்தியது. பாதுகாப்பு மீறலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும், செயற்பாட்டுப் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன் முதலிய சில நிறுவனங்கள் தம் சர்வர்களை இந்தியாவிலிருந்தே அகற்றிக்கொண்டன.

தெரிவிக்க வேண்டியது அரசுக்கு. தரவு பறிபோனவருக்கு அவ்வாணை எதையும் உறுதி செய்யவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, நோயாளிப் பதிவு நாள்கணக்கில் கையெழுத்தில் நடந்தபோது, வரிசையில் நின்றவர்களுக்குச் செய்தித்தாள்களே துணை. பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் எழுத்தில் கொணர்ந்தது.

அவ்வாண்டு நவம்பரிலேயே ஒன்றிய அரசு செர்ட்-இன் அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. உளவு அமைப்புகளுக்குரிய விலக்கு இப்போது அதற்கும் உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவலை மட்டுமே இனி அதனிடம் குடிமக்கள் கேட்டுப் பெற முடியும்.