விழுகிற உடலின் எடை: சிறிய குத்துச்சண்டையாளரின் வெற்றி குறித்த காட்ஃப்ரேயின் விளக்கம், ஒரு மறுவாசிப்பு

இளைத்தவர் பருத்தவரை வென்ற கதைகளின் தொடக்கத்தைத் தேடுவோர் கேப்டன் ஜான் காட்ஃப்ரேயிடம் வந்து நிற்காமல் முடியாது. தற்காப்புக் கலை பற்றி 1747-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல், வாள்வீச்சுக்கும் கம்புச் சண்டைக்கும் பிறகு வெறுங்கைச் சண்டைக்கும் இடம் தருகிறது. அதில் வரும் வீரர்களை அவர் நேரில் அறிந்தவர். ஆகவே அவர் தரும் வருணனையை நம்பலாம். விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

தசைகளைச் சுருள்வில்லாகவும் நெம்புகோலாகவும் பார்ப்பவர் காட்ஃப்ரே. வலிமையும் கலையும் மோதினால் கலையின் பக்கமே தட்டு தாழும் என்பது அவர் கருத்து. அந்தக் கலைக்குத் துணையாக மூச்சும் நெஞ்சுரமும் வேண்டும் என்பார். இந்தக் கணக்குக்கு அடங்காத தோல்வி வந்தால் குடியும் கூத்தும் கெடுத்தன என்று முடித்துவிடுவார்.

டாம் பைப்ஸ், கிரெட்டிங் என்ற இரு வீரர்களையும் பற்றிய அவருடைய பத்திகளை அடுத்தடுத்துப் படித்தால் சிக்கல் தெரியும். பைப்ஸ் கை, தோள், உடல் எல்லாமே சிறுத்தவர். முகத்தைக் குறிவைத்து, தன்னைவிட வலியவர்களைப் பல ஆண்டுகள் வென்றவர். கிரெட்டிங் அவரைவிடக் கட்டுடல் கொண்டவர். நெஞ்சுக்குழிக்கு நேராகக் குத்தை இறக்குவதில் வல்லவர். இருவரும் மாறிமாறி வென்றார்கள். காட்ஃப்ரேயின் பார்வையில் பைப்ஸ் பட்டம் இழந்ததற்கும் ஒழுங்கற்ற வாழ்வே காரணம். கிரெட்டிங் சரிந்ததற்கும் அது பெரிதும் காரணம். எல்லார் தோல்விக்கும் பொருந்துகிற காரணம் எவர் தோல்வியையும் விளக்குவதில்லை. காட்ஃப்ரே இவர்களில் எவருக்கும் எடை தரவில்லை என்பது உண்மைதான். ஆயினும் சிறியவர் முகத்துக்கும் பெரியவர் வயிற்றுக்கும் போனார்கள் என்ற பிரிவினை தற்செயலானதன்று என்றே அழுத்திச் சொல்வேன். எட்ட நின்றே குத்த முகம் தோதான இலக்கு. வயிற்றுக்குப் போக வேண்டுமானால் எதிராளியின் பிடிக்குள் நுழைந்தாக வேண்டும்.

பிடி ஏன் அத்தனை ஆபத்தானது என்பதை விட்டேக்கர் பற்றிய பத்தி காட்டிக்கொடுக்கிறது. விட்டேக்கர் பலசாலி, ஆனால் நேர்த்தியில்லாத குத்தாளர். எதிராளியைத் தூக்கி எறிந்து, விழுந்தவர் மேல் தன் கனத்த உடம்பைச் சாய்ப்பதுதான் அவருடைய பெரிய ஆயுதம். வெனிஸ் நகரத்துப் படகோட்டி ஒருவரை லண்டனில் அவர் தோற்கடித்த பிறகு, சண்டைகளை ஏற்பாடு செய்துவந்த ஜேம்ஸ் ஃபிக் அவருக்கு எதிராக நத்தேனியல் பியர்ட்ரீயை இறக்கினார். இந்த மனிதரை அடித்துச் சாய்க்கத் தன்னால் ஆகாது என்று கணக்கிட்ட பியர்ட்ரீ, கண்களை மட்டுமே குறிவைத்தார். ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. விட்டேக்கர் சற்று நேரம் கைகளால் துழாவிப் பார்த்துவிட்டு, தான் தோற்கவில்லை, ஆனால் ஆளே தெரியாதபோது என்ன செய்வது என்ற பொருள்பட ஏதோ சொல்லி விலகினார்.

1750-இல் ஜாக் ஸ்லாக் என்ற உயரம் குறைந்த வீரரிடம் பார்வை மறைந்து தோற்ற ஜாக் பிராட்டன் வாயிலும் ஏறக்குறைய இதே பேச்சு வைக்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றின் நகல் என்றால், 1747-இலேயே அச்சேறிவிட்ட விட்டேக்கர் வடிவமே மூத்தது. இரண்டுமே நடந்திருக்கவும் கூடும். விட்டேக்கர் சண்டையின் ஆண்டோ தீர்ந்தபாடில்லை. சிலர் 1725 என்பர், சிலர் 1733 என்பர். காட்ஃப்ரே ஆண்டு குறிக்கவில்லை. ஃபிக் 1734-இல் மறைந்ததால் அதற்குப் பிந்தியிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி.

ஆக, பருத்தவரின் எடை குத்தில் இருந்ததைவிட வீழ்த்துதலில்தான் அதிகம் இருந்தது. நெம்புகோல் பேசிய காட்ஃப்ரே தன் கண்ணால் கண்ட இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிராட்டன் 1743-இல் வகுத்த விதிகளும் இதைத் தொடவில்லை. இடுப்புக்குக் கீழே பிடிப்பதைத்தான் தடுத்தன.

பின்னாளில் வந்த குத்துச்சண்டை வீரர் டேனியல் மென்டோசாவின் ஏற்றமும் இறக்கமும் இந்தச் சட்டகத்தில் தெளிவாகின்றன. ஐந்தடி ஏழங்குலம், ஏறத்தாழ 160 பவுண்டு. தடுப்பும் விலகலும் காலசைவும் அவருடைய பலம். 1795-இல் ஹார்ன்சர்ச்சில் அவரைவிட உயரமும் எடையும் கூடிய ஜான் ஜாக்சன் அவருடைய நீண்ட முடியை ஒரு கையால் பற்றி மறு கையால் குத்தினார். அன்றைய விதிப்படி அது குற்றமன்று. மென்டோசாவின் கலை அன்று குறைந்துபோய்விடவில்லை. விலக இடமில்லாமல் போயிற்று.

1867-இல் வெளியான குவின்ஸ்பெரி விதிகள் மல்யுத்தப் பிடியையும் கட்டித்தழுவலையும் விலக்கின. அதன்பின் சிறியவரும் நெஞ்சுக்குழிக்கு அருகே போக முடிந்தது. 1897 மார்ச் 17-இல் நெவாடாவின் கார்சன் சிட்டியில் சுமார் 167 பவுண்டு எடையுள்ள பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ், 183 பவுண்டு ஜேம்ஸ் கார்பெட்டிடம் ஆறாம் சுற்றில் அடிவாங்கித் தரையில் விழுந்தார். ஆனால் பதினான்காம் சுற்றில் கால்மாற்றி நெருங்கி, இடது கையை நெஞ்சுக்குழியில் இறக்கினார். கார்பெட் மூச்சுப் பிடிபடாமல் மண்டியிட்டு, கயிற்றை எட்டிப் பிடிக்கத் தவித்தார். உதரவிதானமும் நுரையீரலும் சேர்ந்து பாதிக்கப்படுவதால்தான் வயிற்றுக் குத்து கொடியது என்று அதற்கு 150 ஆண்டுக்கு முன்பே எழுதியவர் காட்ஃப்ரே. அந்த இடத்தில் அவர் சொன்னது சரி.

விதி மாறியதே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று முடிக்க எனக்குத் துணிவில்லை. 1899-இல் 200 பவுண்டைத் தாண்டிய ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ், முன்குனிந்து நின்றே ஃபிட்ஸ்சிம்மன்ஸைப் பதினோராம் சுற்றில் வீழ்த்தினார். நெஞ்சுக்குழியை மறைக்கும் அந்த நிலைக்கு இதில் எவ்வளவு பங்கு, எடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல ஒரு சண்டை போதாது. கலையா வலிமையா என்ற காட்ஃப்ரேயின் கேள்வியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சண்டையிலும் பிடிக்க அனுமதி இருந்ததா, இலக்கு எது என்று கேட்டால் இந்த வரலாறு கூடுதலாகப் பிடிபடும் என்பதே என் வாதம்.