முளையத்தில் நரம்பணு உருவாதல்: ஆய்வு வரலாறு

முதுகெலும்பிகளின் இளம் முளையத்தில், வெளிப்படலத்தின் ஒரு பகுதி தோலாகவும் மற்றொரு பகுதி மூளை, தண்டுவடமாகவும் மாறுகிறது. எதுவாக வேண்டும் என்பதை உயிரணு தானே முடிவு செய்கிறதா, அண்டை உயிரணுக்கள் அறிவிக்கின்றனவா என்பது முளையவியலின் நெடுநாளைய வினா.

ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பீமனின் மாணவியான ஹில்டே மாங்கோல்டு இவ்வினாவை ஆராய்ந்தார். நியூட் என்னும் ஈரிடவாழியின் வெளிர்நிற இனத்து முளையத்திலிருந்து சிறு திசுத்துண்டை எடுத்து, கருநிற இனத்து முளையத்தின் வயிற்றுப்பக்கம் பதித்தார். அங்கே இரண்டாவது நரம்புக்குழாய் தோன்றியது. அதன் உயிரணுக்களில் பெரும்பாலானவை கருநிறமானவை. அதாவது, தோலாக வேண்டியவை ஒட்டுத்துண்டின் தூண்டுதலால் நரம்பாகியிருந்தன. அத்துண்டு 'ஒழுங்கமைப்பான்' எனப் பெயர் பெற்றது. ஆய்வுக்கட்டுரை 1924இல் வெளியானது. அதே ஆண்டு தீ விபத்தில் மாங்கோல்டு தம் 25ஆம் வயதில் இறந்தார். இக்கண்டுபிடிப்புக்காக 1935இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு வழங்கப்பட்டது.

ஒழுங்கமைப்பான் அனுப்பும் சமிக்ஞை எது என்பது 1990களில்தான் தெளிவாயிற்று. நாகின் (1992), கார்டின் (1994) ஆகிய புரதங்களை அது சுரக்கிறது. வெளிப்படல உயிரணுக்களைத் தோலாகத் தூண்டும் பி.எம்.பி. என்னும் புரதத்தை இவை தடுக்கின்றன. அத்தடுப்பே நரம்பாகும் வழியைத் திறந்துவிடுகிறது.

சமிக்ஞையுடன் உயிரணுவின் துருவத்தன்மையும் தேவை. நரம்புக்குழாய்ச் சுவரின் உயிரணு ஒவ்வொன்றுக்கும் உள்முனை, வெளிமுனை என இரு வேறுபட்ட முனைகள் உண்டு. உட்கரு இவ்விரண்டுக்கும் இடையே நகர்வதையும், உள்முனையில் பகுப்பு நடப்பதையும் 1935இல் சாவர் என்பவர் விளக்கினார். உள்முனைப் பிடிப்பை விடும் மகவணு வெளிநோக்கி நகர்ந்து நரம்பணுவாகிறது.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுபா தோலே குழு, அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து 2008இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. எலி முளையத்தின் மூளைப் புறணியில் எல்.எச்.எக்ஸ்.2 மரபணு இல்லாத திட்டுகள் புறணியின் விளிம்புத் திசுவாக மாறின. அவற்றை அடுத்திருந்த, மரபணு உள்ள உயிரணுக்கள், நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியாக வளர்ந்தன. இவ்விளிம்புத் திசுவே ஹிப்போகேம்பசின் ஒழுங்கமைப்பான் என்பது இதனால் உறுதியானது.

அண்டையிலிருந்து வரும் சமிக்ஞை, அதை ஏற்கும் மரபணு நிலை ஆகிய இரண்டும் சேர்ந்தே உயிரணுவின் எதிர்காலத்தை முடிவு செய்கின்றன என்பதற்கு இவ்வாய்வு சான்றாகும். சுபா தோலேவுக்கு 2010இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 2014இல் இன்போசிஸ் பரிசும் கிடைத்தன.