கைத்திறனின் விலை: சிராங்கூன் சாலை கூறும் வரலாறு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில், ஓவன் ரோடு வந்து சேரும் முனையில், 1971ஆம் ஆண்டு ஆறு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. லியான் யாக் கட்டடம் என்பது அதன் பெயர். கீழ்த்தளத்தில் வங்கி ஒன்றும், மேல் மாடிகளில் நியூ வோர்ல்டு ஹோட்டலும் இயங்கி வந்தன. அங்கிருந்து சில நிமிட நடைத்தொலைவில் அருள்மிகு ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயம் அமைந்துள்ளது. 1855ஆம் ஆண்டு தோன்றிய அவ்வாலயத்திற்கு, வணிகப் பெருமகனார் பி. கோவிந்தசாமி பிள்ளையவர்களின் கொடையால் ஐந்து நிலை இராஜகோபுரம் 1979ஆம் ஆண்டு அமைந்தது. சுமார் 20 மீட்டர் உயரமுள்ள அக்கோபுர வாயிலிலிருந்துதான் தைப்பூச நாளில் காவடிகள் புறப்படுகின்றன.

இரண்டும் ஒரே சாலையில், ஒரே பத்தாண்டுக் காலத்தில் எழுந்த கட்டுமானங்கள். கோபுரம் இன்றும் நிற்கிறது. மற்றதன் கதையை இத்தீவின் மூத்த தலைமுறையினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சனிக்கிழமை முற்பகலில், லியான் யாக் கட்டடம் ஒரு நிமிட நேரத்திற்குள் முற்றாக இடிந்து தரைமட்டமாயிற்று. 33 பேர் உயிரிழந்தனர். 17 பேர் இடிபாடுகளுக்குள்ளிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். எரிவாயு வெடிப்பாக இருக்கலாம் என்றும், அப்போது நடைபெற்று வந்த பெருவிரைவு ரயில் சுரங்கப் பணியே காரணம் என்றும் மக்கள் பலவாறு பேசிக்கொண்டனர். அரசாங்கம் அமைத்த விசாரணை ஆணையம் அவையொன்றும் காரணமல்ல என்று கண்டது. அக்கட்டடத்தின் கட்டமைப்பை வடிவமைத்தவர் தகுதிபெற்ற பொறியாளர் அல்லர். வரைபடம் வரையும் பணியாளர் ஒருவரே அதனைச் செய்திருந்தார் என்பது விசாரணையில் வெளியாயிற்று. தூண்களின் வலிமையைக் கணக்கிட்டபோது, உள்ளே வாழப்போகும் மனிதர்களின் எடையும் வைக்கப்போகும் பொருள்களின் எடையும் சேர்க்கப்பட்டிருந்தன. தளங்கள், உத்தரங்கள், சுவர்கள் ஆகியவற்றின் சொந்த எடை சேர்க்கப்படவே இல்லை! பிற்காலத்தில் வங்கிக்கெனப் பாதுகாப்பறை ஒன்றும், கூரைமேல் குளிர்சாதன இயந்திரமும், வெளிச்சுவர்களில் ஓடுகளும் ஏற்றப்பட்டன. எனினும் அவை இல்லாதிருந்தாலும் அக்கட்டடத்தின் தூண்கள் தொடக்கம் முதலே தாங்க இயலாத பாரத்தைத்தான் தாங்கி நின்றன.

இங்கே ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கட்டடம் எழுந்த மறுநாளே விழுந்துவிடவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் நின்றது. அத்தனை ஆண்டுகளும் வண்ணம் பூசப்பட்டு, விளக்குகள் ஏற்றப்பட்டு, மற்றக் கட்டடங்களைப் போலவே காட்சியளித்தது. தேர்ந்த பொறியாளர் ஒருவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய கட்டணம் மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியாகவே இருந்திருக்கும். அந்தக் கட்டணத்தால் வாங்கப்படுவது கண்ணுக்குத் தெரியும் பொருள் அன்று. தூணுக்குள் எத்தனை கம்பி, எவ்வளவு கனம் என்பதைப் பூச்சுக்கு வெளியே நிற்பவர் எவரும் அறிய முடியாது. ஆதலால் அது இல்லாத குறையும் நெடுங்காலம் தெரிவதில்லை.

அந்த இடிபாடுகளினிடையே தேர்ந்த கைகளின் மதிப்பும் வேறொரு வகையில் வெளிப்பட்டது. பெரும் இயந்திரங்களைக் கொண்டு மேலிருந்து அகற்றினால் அடியில் சிக்கியவர்கள் நசுங்கிவிடும் அபாயம் இருந்தது. அவ்வேளையில், ரயில் சுரங்கப் பணிக்கென வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த சுரங்க வல்லுநர்கள் தாமாகவே முன்வந்தனர். இடிந்த கற்காரைக்கு அடியில் எவ்விடத்தில் தோண்டலாம், எவ்விடத்தில் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீட்புப் படையினரும் இராணுவத்தினரும் அவர்களுடன் இணைந்து, சுரங்க வழிகள் அமைத்துப் பலரை வெளியே கொணர்ந்தனர். அன்று அவர்கள் கூலி பேசவில்லை. ஆயினும் அந்த அறிவு, பல ஆண்டுகள் பலர் ஊதியம் கொடுத்து வளர்த்த அறிவு.

இத்துயரத்தின் பின் 1989ஆம் ஆண்டு கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளரின் கணக்கை அவரோடு தொடர்பில்லாத மற்றொரு வல்லுநர் சரிபார்க்க வேண்டும் என்றும், குடியிருப்பு அல்லாத கட்டடங்களை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும் என்றும் விதி ஏற்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்த முறையில், இறைவனுக்கு ஆற்றும் கடமையோடு கட்டடத்தைச் சோதிக்கும் நல்லறிவும் கலந்திருப்பதை மெய்யன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

வல்லவனுக்கு உரிய மதிப்பளிப்பது தமிழ்க் கோயில் மரபுக்குப் புதியதன்று. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று, அக்கோயிலின் பணியாளர்களையும் அவரவர்க்குரிய பங்கையும் வரிசையாகக் கூறுகிறது. ஆடல் மகளிர் முதல் கணக்கர், தையற்காரர் வரை அதில் இடம்பெற்றுள்ளனர். தச்சர்களுக்குத் தலைவராக விளங்கியவர் வீரசோழன் குஞ்சரமல்லன். அவருக்குக் கிடைத்த பட்டம் ‘இராஜராஜப் பெருந்தச்சன்’. அவர்கீழ்ப் பணியாற்றிய இருவர் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று அழைக்கப்பட்டனர். தலைவருக்கும் உதவியாளர்க்கும் பங்கு வெவ்வேறு அளவில் நிர்ணயிக்கப்பட்டது. நெல்லோடு நில்லாமல், தன் பெயரையே தச்சருக்கு அளித்தான் அம்மன்னன். சம்பளப் பட்டியல் ஒன்றைக் கருங்கல்லில் வெட்டி வைத்த அந்த நிர்வாகத் திறம் இக்காலத்து அலுவலகங்களுக்கும் வியப்பளிப்பதாகும்.

கடல் கடந்து வந்த தமிழரும் இவ்வறிவை உடன் கொண்டே வந்தனர். 1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர் நாராயண பிள்ளை. குடியேறுவோருக்கு வீடுகள் இல்லாத நிலையைக் கண்ட அவர், பினாங்கிற்குச் சொல்லியனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இத்தீவின் முதற் செங்கற்சூளையை அமைத்தவரும் அவரே. கையில் கிடைத்த ஆட்களை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளாமல், தொழில் தெரிந்தவர்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்த அச்செயலிலேயே சிங்கப்பூர் இந்தியரின் கட்டுமான வரலாறு தொடங்குகிறது எனலாம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827ஆம் ஆண்டு அவர் நிறுவிய அருள்மிகு மாரியம்மன் ஆலயம், மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனது. இன்று காணும் அமைப்பின் பெரும்பகுதி 1862-63ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்த கைவினைஞர்களே அதன் சுதை வேலைப்பாடுகளைச் செய்தனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். அதே காலத்தில் கூலியே இல்லாமல் பெருங்கட்டடங்கள் எழவில்லையா? எழுந்தன. 1825ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். மின்னலால் இருமுறை தாக்கப்பட்டுப் பாதுகாப்பற்றதெனக் கைவிடப்பட்ட பழைய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1855ஆம் ஆண்டு இடிக்கப்பட்டபின், 1856இல் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய தேவாலயத்தைக் கட்டியவர்கள் அக்கைதிகளே. அதன் சுவர்ப் பூச்சு ‘சென்னைச் சுண்ணாம்பு’ எனப் புகழ்பெற்றது. கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம் ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, காய்ந்தபின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர் என்று கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மக்நாயர் எழுதி வைத்துள்ளார். சிராங்கூன் சாலையில் அவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட அரசாங்கச் சூளையின் செங்கற்கள் 1867ஆம் ஆண்டு ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றன.

ஆனால் இதனை மலிவு வேலைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அக்கைதிகள் ஆண்டுக்கணக்கில் தொழிற்பயிற்சி அளிக்கப்பெற்றுக் கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் கொல்லர்களாகவும் தேர்ந்தவர்கள். அங்கே கைத்திறன் முழுமையாக இருந்தது. அதற்குரிய கூலிதான் மறுக்கப்பட்டது. அவ்விலையை அவர்கள் தங்கள் வாழ்நாளால் செலுத்தினர்.

சுண்ணாம்பு என்றதும் நினைவுக்கு வருவது தேக்கா வட்டாரத்தின் பழம்பெயர். சுண்ணாம்புச் சூளைகள் நிறைந்திருந்தமையால் அப்பகுதியைத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே வழங்கினர். 1881ஆம் ஆண்டு தோன்றிய அருள்மிகு வீரமாகாளியம்மன் ஆலயத்திற்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்ற பெயர் நிலவியது. சுண்ணாம்பைச் சுட்டவர்கள் பலர். அதைக் கொண்டு தெய்வத் திருமுகம் சமைக்கத் தெரிந்தவர்கள் அன்றும் சிலரே.

அந்தச் சிலர் அறிந்தது என்ன? கோபுரத்தின் சுதை உருவம் ஒவ்வொன்றும் தாளமானக் கணக்குக்கு உட்பட்டது. உத்தம தச தாளத்தில் அமையும் திருமேனியின் உயரம் 124 அங்குலக் கூறுகளாகப் பகுக்கப்படும். நெற்றி, நாசி, மார்பு, முழங்கால் என ஒவ்வோர் உறுப்புக்கும் அதில் பங்குண்டு. கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு மேல்நிலை உருவங்கள் குறுகித் தோன்றுமாதலால் அதற்கும் சிற்பி இடங்கொடுக்க வேண்டும். இக்காலத்தில் சிமெண்டும் இரும்புக் கம்பியும் புகுந்துவிட்டன. சிங்கப்பூரின் ஓயாத மழையில், பூச்சு மெலிதாகிய இடத்தில் ஈரம் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, உருவத்தின் கையையோ விரலையோ வெடிக்கச் செய்துவிடும். தேர்ந்த சிற்பி கம்பியை எவ்வளவு ஆழத்தில் புதைக்கிறார் என்பதைக் கீழே நிற்கும் எவரும் காண்பதில்லை. காண்பதெல்லாம் வண்ணம் மட்டுமே.

கருவறையிலும் இவ்வாறே. திருமேனியைப் பீடத்தில் பொருத்தும் அஷ்டபந்தன மருந்து கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், சாதிலிங்கம், பஞ்சு ஆகிய எட்டுப் பொருள்களால் ஆனது. அதனை நெடுநேரம் இடித்துப் பதம் பார்க்கக் கை பழக வேண்டும். பதம் தவறினால் மருந்து வெடித்து, அபிஷேக நீர் பீடத்தினுள் இறங்கும்.

இத்தகைய அறிவு அருகிவிடலாகாது என்றே 1957ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் அரசாங்கச் சிற்பப் பள்ளி தொடங்கப்பட்டது. பிள்ளையார்பட்டி வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவரானார். அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி, 2000ஆம் ஆண்டின் முதல் நாளன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்தவர்.

ஆலய நிர்வாகக் குழுவினரின் இக்கட்டும் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் செலவிடுவது தம் பணமன்று. உண்டியலில் இரண்டு வெள்ளி இட்ட மூதாட்டியின் பணம் அது. மூன்று விலைப்புள்ளிகள் மேசைமேல் இருக்கும்போது, குறைந்ததைத் தெரிவு செய்தவரைத் தணிக்கையாளரும் கேட்பதில்லை, ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினரும் கேட்பதில்லை. கூடுதலாகக் கொடுத்தவரே எழுந்து நின்று காரணம் கூற வேண்டியவர். குறைந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் செலவு வெளிப்படுவதற்குள் அக்குழுவின் பதவிக்காலமும் முடிந்துவிடும்.

ஏலக்குத்தகைகளில் விலையோடு தரத்தையும் அனுபவத்தையும் சேர்த்து மதிப்பெண் இடும் முறையைச் சிங்கப்பூர் அரசாங்கத் துறைகள் கட்டுமானப் பணிகளில் கைக்கொண்டுள்ளன. ஆலயங்களுக்கும் அது இயலும். ஆயினும் கூடிய விலை என்பதே திறமைக்கு முத்திரையாகிவிடாது. இடைத்தரகர் பெருகினால் விலை ஏறும். சிற்பியின் கைக்குச் சேர்வது ஏறாது. அந்தச் சிற்பி முன்பு செய்த கோபுரம் ஒன்றைப் பத்து மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்து வருவது எந்தச் சான்றிதழையும் விட நம்பத்தக்கது. அவருக்குக் கொடுக்கும் தொகை யாரிடம் போய்ச் சேர்கிறது என்று கேட்கும் உரிமையும் குழுவினருக்கு உண்டு.

1973ஆம் ஆண்டு தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அருள்மிகு மாரியம்மன் ஆலயத்தின் குடமுழுக்கு 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் சுமார் 20,000 மெய்யன்பர்கள் சூழ நடந்தேறியது. அதற்கு முந்திய திருப்பணிக்கு ஏறத்தாழ 35 இலட்சம் வெள்ளி செலவாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தலைமைச் சிற்பியின்கீழ், கல்லிலும் உலோகத்திலும் வல்ல சிற்பிகளும் ஓவியக் கலைஞர்களும் ஓராண்டளவு தங்கிச் சந்நிதிகளையும் விமானங்களையும் கூரை ஓவியங்களையும் புதுப்பித்தனர். பளபளக்கும் புது வண்ணத்தை எங்கும் அடித்துவிட்டிருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். அவர்கள் பழைய வண்ணச் சாயலைத் தேடிக் கண்டு, அதற்கேற்பத் தீட்டினர்.