துறைமுக நகரும் பல்கலைக்கழகக் கனவும்: ஒரு கருத்துப் போராட்டத்தின் வர்க்கப் பின்னணி

1924 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் கூடிய மாணவர் காங்கிரஸ், சாதிப் பாகுபாடு, தாய்மொழிக் கல்வி, தேசிய விடுதலை ஆகியவற்றைத் தன் விவாதப் பொருள்களாக்கியது. இளைஞர் காங்கிரசாக வளர்ந்த அவ்வியக்கமே 1931 இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும் அளவுக்குச் சென்றது. சமூகப் பிரச்சினைகளுக்கு விடைகாணும் பணியில் கற்ற இளைஞர் ஒருவரோடொருவர் கருத்தால் மோதுவது நம்மிடையே புதியதன்று என்பதற்கு இது சான்று. எனினும், அம்மோதலின் அடியில் இயங்கிய நலன்கள் யாவை என்னும் வினாவை நமது வரலாற்றாசிரியர் அரிதாகவே எழுப்பியுள்ளனர். திருகோணமலையில் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கையின் வரலாறு அவ்வினாவுக்கு வளமான களமாகும்.

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருமலை மாநாட்டைக் கூட்டியது. பல திசைகளிலிருந்தும் இளைஞர்கள் கால்நடையாக அங்கு சென்றனர். கூட்டாட்சி அமைப்பிலான தமிழ் அரசுக்கு இந்நகரே தலைநகராகும் என்ற எண்ணமும், தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கேயே எழவேண்டும் என்ற எண்ணமும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன. கந்தளாய், அல்லை ஆகிய குடியேற்றத் திட்டங்கள் மாவட்டத்தின் குடிசன விகிதத்தை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே பல்கலைக்கழகம் என்பது அறிவு நிறுவனமாக மட்டுமன்றி, நிலத்தின்மீதான உரிமைப் பிரகடனமாகவும் கருதப்பட்டது. இதிலுள்ள நியாயத்தை மறுப்பதற்கில்லை.

ஆயின், நகரின் உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை அப்போதைய உடனடி நெருக்கடி வேறு. 1957 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் வெளியேற்றம் என்ற வகையில் அது நாம் வரவேற்கவேண்டிய நிகழ்வே. ஆனால் தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். சீனன்குடாவில் நூற்றுக்கு அண்மையான எண்ணெய்க் குதங்களும், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றும் இருந்தும், அவற்றை ஒட்டிய உற்பத்தி வளர்ச்சி ஏற்படவில்லை. பல்கலைக்கழகக் கோரிக்கையாளரின் வாதங்களில் துறைமுகத் தொழிலாளி முன்னிற்கவில்லை, மொழியே முன்னின்றது.

எதிர்வாதம் யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்தது. பாடசாலைகளும் நூல்களும் ஆசிரியரும் செறிந்த இடத்திலேயே பல்கலைக்கழகம் அமையவேண்டும் என்பது கேட்பதற்கு நடைமுறை அறிவாகவே ஒலிக்கும். மிசன் கல்லூரிகளும் சைவக் கல்லூரிகளும் உருவாக்கிய, அரசாங்க உத்தியோகத்தையே சீவனோபாயமாகக் கொண்ட மத்தியதர வர்க்கத்தின் குரல் அது என்பதையும் உடன் கூறவேண்டும்.

தரப்படுத்தல் இம்முரண்பாட்டை அப்பட்டமாக்கியது. 1971 இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் தகுதி எல்லையாக்கப்பட்டன. இது வெளிப்படையான இனப் பாரபட்சம். தமிழ் மாணவர் பேரவையின் கொதிப்பு நியாயமானதே. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறுவகைச் சிக்கலைக் கொண்டது. யாழ்ப்பாண மாணவர் அதனால் இடமிழக்க, திருகோணமலை, மன்னார், வவுனியா மாணவர் சிலருக்கு முன் எக்காலத்தும் திறவாத கதவு திறந்தது. “தமிழ் மாணவர்” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரே நலன்தான் உறைந்திருந்தது என்று கொள்வது இதன்பின் இயலாது. மூதூர்க் கடற்றொழிலாளியின் மகனுக்கும் யாழ்நகர் எழுதுவினைஞரின் மகனுக்கும் அநீதி ஒரே முகத்தோடு தோன்றவில்லை.

இடதுசாரிகளாகிய நாமும் இங்கு தப்பமுடியாது. 1956 இல் இருமொழிச் சமத்துவத்துக்காக நின்ற சமசமாசக் கட்சி, 1964 இல் கூட்டரசாங்கத்தில் நுழைந்தபின் அந்நிலையைக் கைவிட்டது. தரப்படுத்தலைக் கொணர்ந்த அரசாங்கத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியும் பங்காளி. இந்நிலையில் வர்க்க ஒற்றுமை பற்றிய நமது சொற்களைத் தமிழ் இளைஞர் செவிமடுக்காததில் வியப்பென்ன?

1974 அக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க திருநெல்வேலியில், பரமேசுவராக் கல்லூரி வளவில், யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்துவைத்தார். திருகோணமலையை வேண்டிய தமிழரசுக் கட்சி அதனை ஏற்கவில்லை. மார்க்சியத் திறனாய்வாளரான க. கைலாசபதி முதல் தலைவரானார். சிங்கள மாணவரும் அங்கு பயின்றனர். 1977 இன் இனவன்முறை அச்சூழலை முடித்துவைத்தது. மாற்றுக் கருத்தொன்று செயலிற் பரிசோதிக்கப்பட்ட அச்சில ஆண்டுகள் தனி ஆய்வுக்குரியவை. அரசின் கையாட்களது நிறுவனம் எனச் சிலர் அதனை ஒதுக்கியது குறுகிய பார்வை என்பதே என் துணிபு.

கிழக்கின் பங்கு பிந்தியே வந்தது. 1981 இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் திருகோணமலை வளாகம் 2001 இல்தான் உருவாயிற்று. தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானமும், சித்த மருத்துவமும் இன்று அங்கே கற்பிக்கப்படுகின்றன. மூவின மாணவரும் வருகின்றனர். தலைநகரின் அறிவாலயமாகக் கனவுகாணப்பட்டது, போரின் நடுவே, மட்டக்களப்பிலிருந்து நிருவகிக்கப்படும் ஒரு கிளையாக வந்து சேர்ந்தது. அதைக் கேட்டு நடந்த இளைஞர்கள் அப்போது அறுபது வயதைக் கடந்திருந்தனர்.